மவுத் ஓர்கனுக்குப் பழைய வால்வ் அம்ப் வாங்கப் போகிறீர்களா?

கிட்டார் வாசிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நான் போனேன். தெஹிவளையில் ஒரு வீட்டில் சிறிய அமெரிக்க அம்ப் ஒன்று, அறுபதுகளின் சாமான், நண்பன் தன் கிட்டாரைக் குத்தி அரை மணித்தியாலம் வாசித்துவிட்டு "மச்சான், மணி மாதிரிக் கேட்குது, விடாதே" என்றான், நானும் விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து என் புல்லட் மைக்கை, கைக்குள் அடங்கும் அந்த உருண்டை மைக்கை, மாட்டி, மைக்கையும் ஓர்கனையும் சேர்த்துக் கையால் பொத்தி ஊதினால், வொல்யூம் 2-ஐத் தாண்டமுன் கூவத் தொடங்கிவிட்டது. அம்பில் ஒரு பிழையும் இல்லை. அது கிட்டாருக்குச் செய்த அம்ப், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து நட்டத்துக்கு விற்றேன். இப்போது நான் ஊதுவது கொட்டாஞ்சேனையில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்ட ஒருவரின் வீட்டுப் பின்பக்கத்தில் தூசியோடு கிடந்த பெட்டியில். அதே நண்பன் அதில் கிட்டாரைக் குத்திப் பார்த்துவிட்டு "சேறு" என்றான். சேறுதான் எனக்கு வேண்டும்.

ஏன் என்று விளங்கினால் மீதியெல்லாம் லேசு. கிட்டாரின் பிக்கப் கம்பியின் அசைவைத்தான் பிடிக்கும், ஸ்பீக்கர் சத்தத்தை அது அவ்வளவாகக் கேட்காது. நம்முடைய மைக் கேட்கும். ஸ்பீக்கரிலிருந்து வருவது மைக்குக்குள் போய், அம்புக்குள் போய், திரும்ப ஸ்பீக்கருக்கு வந்து, ஒரு சுற்று முடிந்தவுடன் கூவல். போதாததற்குக் கையால் இறுக்கிப் பொத்தும்போது புல்லட் மைக் கொடுக்கும் சிக்னல் மிகப் பெரியது. ஆகவே முதல் வால்விலேயே, அதாவது சிக்னலைப் பெருக்கும் முதல் கண்ணாடிக் குழாயிலேயே, சத்தத்தை ஏற்றிவிடுகிற அம்ப் நமக்கு எதிரி. முன்பகுதி மந்தமாக இருந்து, கடைசியில் இருக்கும் பவர் வால்வும் மின்வழங்கும் பகுதியும் திணற வேண்டும். கிட்டார்காரர் "கெயின் போதாது, ட்ரெபிள் இல்லை" என்று ஒதுக்கும் அம்புகளை நாம் ஓடிப்போய்ப் பார்ப்பது அதனால்தான்.

இன்னொரு சங்கதி. கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஏ சுருதிக்குச் செய்த ஓர்கனின், சுருக்கமாக ஏ ஓர்கனின், முதல் துளை 220 ஹெர்ட்ஸ், ஜி ஓர்கன் 196. ஆக, நாம் ஊதும் சுரம் எதற்கும் பெரிய ஸ்பீக்கர் கட்டாயம் இல்லை, 8 அங்குலம் போதும். ஆனால் அம்ப் திணறும்போது ஒரு வேடிக்கை நடக்கிறது: சி ஓர்கனில் முதலாம் இரண்டாம் துளைகளைச் சேர்த்து ஊதினால் 262-ம் ஏறத்தாழ 327-ம் ஒன்றாகப் போகின்றன, திணறும் வால்வுக்குள் இரண்டின் வித்தியாசமான 65 ஹெர்ட்ஸ் புதிதாகப் பிறக்கிறது, அதே சி-தான், இரண்டு ஸ்தாயி கீழே. யாரும் ஊதாத ஒரு சுரம். ஐம்பதுகளின் சிக்காகோ ப்ளூஸ் ஓர்கன் ஆட்கள், லிட்டில் வால்டர் முதலானோர், ஒரு கைக்கு அடங்கும் வாத்தியத்திலிருந்து சாக்ஸபோன் மாதிரி உறுமலை எடுத்ததில் இதற்கும் பங்கு உண்டு. அம்பைச் சோதிக்கும்போது நாம் தேடுவது இந்த உறுமலைத்தான், தெளிவை அல்ல.

இனிக் கொழும்பில் என்ன கிடைக்கும் என்பதற்கு வருவோம். எல்லாரும் கனவு காண்பது 1958 முதல் 1960 வரை வந்த ஃபெண்டர் பாஸ்மேன், 5எஃப்6-ஏ என்ற மொடல், நான்கு 10 அங்குல ஸ்பீக்கர். பேஸ் கிட்டாருக்குச் செய்தது, கடைசியில் மவுத் ஓர்கன்காரரின் சொத்தாகிவிட்டது. சின்ன வீட்டுக்கு அதே கம்பனியின் சாம்ப், ஒரே ஒரு 6வி6 பவர் வால்வ், 8 அங்குல ஸ்பீக்கர், 5 வொட்ஸ் அளவு. இவை இங்கே வருவது அபூர்வம், வந்தாலும் விலை நம்மைக் கேட்டு வராது. நம் ஊரில் உண்மையில் தேடவேண்டிய இடங்கள் வேறு. கல்யாண வீடு, கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம் என்று வாடகைக்குப் போன வால்வ் அம்புகள். ஹோட்டல் பேண்டுகளில் வாசித்த அங்கிள்மாரின் வீடுகளில் கிடக்கும் பிரிட்டிஷ் பெட்டிகள். ஜப்பானிலிருந்து பழைய சாமான்களோடு வந்தவை. 1970 முதல் 77 வரை இறக்குமதி இறுக்கமாக இருந்த காலத்தில் றேடியோ பாஸ்மார், அதாவது றேடியோ திருத்துகிற ஆட்கள், கிடைத்ததை வைத்துக் கையால் செய்தவை. கடைசி வகையை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். நல்ல பாஸ் ஒருவர் செய்ததாக இருந்தால் சோல்டர் ஒவ்வொன்றும் முத்து மாதிரி இருக்கும். மோசமானவர் செய்ததாக இருந்தால் உள்ளே பார்த்த உடனேயே தெரிந்துவிடும், மூடிவிட்டு வந்துவிடலாம்.

போகுமுன் ஃபோனில் மூன்றே விஷயம் கேளுங்கள். பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது, வால்வுகளில் என்ன நம்பர், நான் வரும்வரை அதைப் போடாமல் வைக்க முடியுமா. மூன்றாவதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் ஒரு மணித்தியாலமாகப் போட்டுச் சூடாக்கி வைத்த அம்ப் தன் குறைகளில் பாதியை மறைத்துவிடும். குளிர்ந்த நிலையில் போடும்போதுதான் கண்டென்சர், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் அந்தச் சாமான், எப்படி முனகுகிறது, எந்த வால்வ் சொக்கட் வெடுக்கென்று சத்தம் போடுகிறது என்பதெல்லாம் தெரியும். "நேற்றும் போட்டனான், நல்லா வேலை செய்யுது" என்றால் நல்லது அண்ணை என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பையில் ஒரு மல்டிமீட்டர், டோர்ச், ஸ்க்ரூட்ரைவர், கரண்ட் பார்க்கும் டெஸ்டர், ஒரு மரப் பென்சில், நீங்கள் வழமையாக ஊதும் மைக், ஏ ஒன்றும் சி ஒன்றுமாக இரண்டு ஓர்கன். அதோடு ஒரு பல்ப் பலகை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது இந்தக் கட்டுரையில் நீங்கள் அவசரமாகத் தாண்டக் கூடாத இடம். கிட்டார்காரரை விட நமக்குக் கரண்ட் அடிக்கும் ஆபத்து அதிகம். யோசித்துப் பாருங்கள்: உலோக மைக்கை இரண்டு கையாலும் பொத்தியிருக்கிறோம், உலோகத் தகடு போட்ட ஓர்கனில் ஈர உதட்டை வைத்திருக்கிறோம், மைக்கின் உடல் வயர் வழியாக அம்பின் செசியோடு, அதாவது உள்ளே இருக்கும் அந்தத் தகரப் பெட்டியோடு நேராகச் சேர்ந்திருக்கிறது. அந்தச் செசியில் கரண்ட் இருந்தால் கையை உதறக்கூட முடியாது. வெறும் காலோடு சீமெந்துத் தரையில் நின்று ஊதுகிற நம் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பிளக்கைச் செருகுமுன் மீட்டர். அம்பின் சுவிட்சைப் போட்ட நிலையில் வைத்து, பிளக்கின் கரண்ட் பின் இரண்டிலும் ஒவ்வொன்றாக ஒரு முனையையும் செசியில் மறுமுனையையும் வைத்து ஓம்ஸ் பாருங்கள். இரண்டிலும் எதுவும் காட்டக் கூடாது, திறந்த சுற்றாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு பின்னிலிருந்து செசிக்குச் சில ஓம்ஸ் மட்டும் காட்டினால், கரண்ட் நேராகச் செசிக்குப் போகிறது என்று அர்த்தம். எவ்வளவு மலிவென்றாலும் எழுந்து வாருங்கள். பின் இரண்டுக்கும் இடையில் பத்து இருபது என்று சில பத்து ஓம்ஸ் காட்டினால் அது டிரான்ஸ்போமரின் முதல் சுற்று, சரி. எர்த் பின்னிலிருந்து செசிக்கு ஏறத்தாழ பூச்சியம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் எர்த் இல்லை, அல்லது யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று சொல்வது சும்மா இல்லை. ஒருக்கா ஒரு வீட்டில் அம்ப் அழகாகப் பாடியது, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் எர்த் வயர் வெட்டி டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்திருந்தது. கேட்டால் "அதைக் குடுத்தா ட்ரிப் விழுது தம்பி" என்றார் விற்கிறவர், ஏதோ பெரிய பிரச்சினையைத் தீர்த்துவிட்ட மாதிரி. ட்ரிப் விழுகிறதென்றால் கரண்ட் ஒழுகுகிறது. ட்ரிப் சுவிட்ச் உங்களுக்காகத்தான் வேலை செய்கிறது, அதன் வாயைக் கட்டிவிட்டார்கள். அந்த அம்பை விலை குறைத்து வாங்கித் திருத்தலாம், ஆனால் திருத்தும்வரை அதில் ஒரு சுரம்கூட ஊதக் கூடாது.

பழைய அமெரிக்க அம்புகளில் பெரும்பாலும் இரண்டே வயர்தான், எர்த் கிடையாது, கரண்ட் பக்கத்திலிருந்து செசிக்கு ஒரு கண்டென்சர் வேறு போட்டிருப்பார்கள். அந்தக் கண்டென்சர் ஷோர்ட் ஆனால் என்ன நடக்கும் என்பதை வைத்தே அதற்கு அங்கே சாவுக் கண்டென்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை வெட்டி எடுத்துவிட்டு மூன்று வயர் போடுவது பாஸுக்குச் சின்ன வேலை, அதற்காக அம்பை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டியது டிரான்ஸ்போமரே இல்லாத வகை. வால்வ் நம்பரிலேயே பிடித்துவிடலாம்: 50சி5, 35டபிள்யூ4 என்று இருந்தாலோ, பழைய ஐரோப்பிய சாமான்களில் யூசிஎல்82, யூவை85 என்று யூ எழுத்தில் தொடங்கினாலோ, வால்வுகளை உள்ளே சூடாக்கும் ஹீட்டர்களை வரிசையாகக் கோர்த்து நேராகக் கரண்டில் ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். பழைய மேசை றேடியோக்களிலும் ரெக்கோட் பிளேயர்களிலும் இது நிறைய. றேடியோவை மரப் பெட்டிக்குள் மூடி பிளாஸ்டிக் குமிழோடு கேட்கும்வரை ஆபத்தில்லை, அதில் மைக்கைக் குத்தி ஊதுவது வேறு கதை. "வால்வ் றேடியோவையே அம்பாக்கலாமே" என்று யாராவது யோசனை சொன்னால் முதலில் அந்த யூ இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வோல்ட். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க அம்பில் 117 அல்லது 110 என்று இருக்கும், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்போமர் போடலாம், ஆனால் அது ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்குச் சுற்றிய டிரான்ஸ்போமர் 50-ல் ஓடும்போது இரும்புக்குள் காந்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, அதனால் சூடும் கூடும். தாராளமாகச் செய்திருந்தால் தாங்கும், சிக்கனமாகச் செய்த மலிவு அம்ப் தாங்காது. சோதனை எளிது: அரை மணித்தியாலம் ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கை உருவிவிட்டு, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பவர் டிரான்ஸ்போமரின் மேல் கையை வையுங்கள். சூடாக இருக்கலாம், கையை வைத்திருக்க முடியாத சூடும் வார்னிஷ் கருகும் மணமும் கூடாது. ஜப்பான் சாமான் 100 வோல்ட், இதை நம்மவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். வீட்டில் இருக்கும் 120 வோல்ட் டிரான்ஸ்போமரில் அதைக் குத்தினால் 6.3 வோல்ட் ஓடவேண்டிய ஹீட்டரில் ஏழரை வோல்ட் ஓடும், வால்வ் அழகாக ஒளிவீசும், கொஞ்ச நாளைக்கு. பிரிட்டிஷ் அம்பில் பின்னால் வோல்ட் மாற்றும் கட்டை இருக்கும், 240 அல்லது 245-ல் இருக்கிறதா என்று பாருங்கள், யாராவது சத்தம் கூட என்று 200-ல் வைத்திருந்தால் இத்தனை வருடம் அந்த வால்வுகள் பட்ட பாட்டை நினைத்து விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பின்மூடியைக் கழற்ற விடாத ஆளிடம் வாங்க வேண்டாம். கழற்றியதும் கையை உள்ளே விடவும் வேண்டாம், பிளக்கை உருவிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் 300, 400 வோல்ட் தங்கி நிற்கலாம். டோர்ச் அடித்துக் கண்ணால் மட்டும் பாருங்கள். கொழும்பில் நான் முதலில் தேடுவது பல்லி. பகிடி இல்லை, வால்வின் சூட்டுக்கு வந்து படுத்து இரண்டு முனைக்கு நடுவில் கருகிக் கிடந்த பல்லியை நானே எடுத்திருக்கிறேன். அப்புறம் கரப்பான் எச்சம், கறையான் தின்ற பலகை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் இருந்த அம்ப் என்றால் செசியில் உப்புத் துரு இருக்கும், மேலோட்டமான துரு பரவாயில்லை, வால்வ் சொக்கட்டின் பற்களில் பச்சைப் பாசி மாதிரிப் படிந்திருந்தால் சொக்கட்டுகளை மாற்ற வேண்டி வரும். நம் ஈரப்பதத்தில் பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் கணக்கு மாறி இரையத் தொடங்குகின்றன, மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் ஒழுகுகின்றன. பெரிய கண்டென்சர்கள் வீங்கியோ அடியில் பிசின் கசிந்தோ இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். வீங்காமல் இருந்தாலும் ஐம்பது வருடப் பழையவை என்றால் அவற்றுக்கான செலவை இப்போதே கணக்கில் போட்டுவிடுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் 450 வோல்ட் கண்டென்சர் தேடி எடுக்கலாம், அதில் சொத்து அழியாது.

இனிப் பல்ப் பலகை. ஒரு ஹோல்டர், அம்பின் பிளக்கைக் குத்த ஒரு சொக்கட், இரண்டும் வரிசையாக, அதாவது கரண்ட் பல்ப் வழியாகத்தான் சொக்கட்டுக்குப் போகும்படி, ஹோல்டரில் பழைய மாதிரி இழை எரிகிற 60 அல்லது 100 வொட்ஸ் பல்ப். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. வருடக்கணக்காகப் போடாத அம்பை இந்தப் பலகை வழியாகப் போட்டால், பல்ப் ஒருமுறை பளிச்சென்று எரிந்து மெல்ல மங்க வேண்டும். மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கேயோ ஷோர்ட். பல்ப் எரிந்ததால் அம்ப் எரியவில்லை, நன்றி சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் வால்வ் அம்பை ஒருபோதும் போடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்போமர் போய்விடும், அதுதான் முழு அம்பிலும் விலை கூடிய, திருத்தக் கஷ்டமான சாமான். பவர் டிரான்ஸ்போமர் எரிந்தால் இங்கே மோட்டர் சுற்றுகிற கடைக்காரர்களில் ஒருவரைப் பிடித்துச் சுற்றிவிடலாம். அவுட்புட் டிரான்ஸ்போமரை அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும், அதை வடிவாகச் செய்கிற கை எல்லாருக்கும் இல்லை.

போட்டாயிற்றா, டெஸ்டரைச் செசியில் ஒரு தடவை வையுங்கள். எரிந்தால், மங்கலாக எரிந்தாலும், அன்றைக்கு ஊதும் சோதனை இல்லை.

எரியவில்லை, செசிக்கு எர்த்தும் இருக்கிறது என்றால் ஐந்து நிமிடம் எதையும் குத்தாமல் கேளுங்கள். அடிவயிற்றில் ஓடுகிற உறுமல் வொல்யூமைக் குறைத்தாலும் குறையவில்லை, கொஞ்சம் கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் மாதிரி இருக்கிறதென்றால் கண்டென்சர் வற்றியிருக்கிறது, மலிவான குறை. மெலிதான 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயர் அல்லது வால்வ், அதுவும் பெரிய விஷயமில்லை. வால்வ் உள்ளே தகடு சிவந்து எரிந்தால் உடனே நிறுத்துங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் படரும் நீல ஒளி சும்மா அழகுக்கு, பயம் வேண்டாம். உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு வெள்ளையாகியிருந்தால் காற்றுப் புகுந்து செத்துவிட்டது. பிறகு பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுங்கள், முன்பகுதி வால்வ் மணி மாதிரி ஒலித்தால் நமக்கு அது கூவலாக வந்து நிற்கும். பழைய பிரிட்டிஷ் அம்புகளில் இஎஃப்86 என்ற வால்வ் இந்த விஷயத்தில் பெயர் கெட்டது. பவர் வால்வ் 6வி6, 6எல்6, இஎல்84, இஎல்34 என்று ஏதாவது ஒன்றாக இருந்தால் நிம்மதி, இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், தபாலில் எடுக்கலாம். கேள்விப்படாத நம்பர் என்றால் வாங்குமுன் ஃபோனிலேயே தேடிப் பாருங்கள், செத்த வால்வுக்காக அம்பே மேசையாகிவிடும்.

ஸ்பீக்கர்: நிறுத்திவிட்டு கோனின் நடுவைச் சுற்றி இரண்டு கை விரல்களையும் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். மணல் உரசுகிற மாதிரிச் சத்தம் வந்தால் சுருள் தேய்கிறது. சின்னக் கிழிசலைப் பசையால் ஒட்டலாம், நமக்கு அந்த ஓரத்துச் சிதறல்கூடச் சில வேளை பிடிக்கும். மிகப் பழைய பெட்டிகளில் ஸ்பீக்கருக்கு இரண்டுக்கு மேல் வயர் போனால் அது மின்காந்தம் வைத்த ஸ்பீக்கராக இருக்கலாம், அம்பின் கரண்ட் அதன் சுருள் வழியாகவே ஓடும், அதைக் கழற்றிவிட்டு வேறு எதையும் சும்மா மாட்ட முடியாது. லவுட்ஸ்பீக்கர் அம்ப் என்றால் பின்னால் 100 வோல்ட் லைன் என்றும் 4, 8, 16 ஓம்ஸ் என்றும் தனித்தனி முனைகள் இருக்கும். கூம்புக் குழாய்களைக் கட்டிய 100 வோல்ட் முனையில் உங்கள் 8 ஓம்ஸ் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு அம்ப் சரியில்லை என்று சொல்லாதீர்கள்.

சரி, ஊதுவோம். விற்கிறவர் நீட்டுகிற மைக்கை வாங்காதீர்கள், உங்கள் மைக்தான். ட்ரெபிளை முழுதாகக் குறைத்து, பேஸைக் கூட்டி, வொல்யூம் 2-ல் தொடங்குங்கள். அம்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி, முதலில் ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி, மைக்கை இறுக்கிப் பொத்தி ஏ ஓர்கனில் இரண்டாம் துளையை இழுத்து, அதாவது மூச்சை உள்ளே இழுத்து வாசித்துப் பாருங்கள். பிறகு பொத்திய கையை மெல்லத் திறந்து மூடுங்கள். நல்ல அம்பில் மூடும்போது சத்தம் தடித்து உறுமும், திறக்கும்போது மெலிந்து சுத்தமாகும், ஒரே வொல்யூமில் இரண்டு அம்ப் இருக்கிற மாதிரி. எப்படிப் பொத்தினாலும் ஒரே அளவு கிழிந்து கேட்டால் முன்பகுதி அளவுக்கு மீறித் திணறுகிறது. இனி வொல்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த இடத்தில் கூவத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நம்பர் முக்கியமில்லை, கூவுவதற்குச் சற்று முன்னால் அறையில் எவ்வளவு சத்தம் இருந்தது என்பதுதான் முக்கியம். சிலது 3-ல் கூவும், ஆனால் 3-லேயே வீடு அதிரும். சிலது 7 வரை போகும், போய் ஒன்றும் இல்லை.

அப்புறம் முதல் மூன்று துளைகளையும் சேர்த்து இழுத்து ஒரு கோர்ட், பல சுரம் ஒன்றாக, நீளமாக, அடிவயிற்றிலிருந்து. நான் மேலே சொன்ன யாரும் ஊதாத அந்த அடிச்சுரம் வருகிறதா? சின்னப் பெட்டியில் அது முழுதாக வராது, நெஞ்சுக்குள் தட்டுப்படுகிற ஒரு நிழலாவது வரும். மின்வழங்கும் பகுதியில் வால்வ் ரெக்டிஃபையர், 5வை3 மாதிரி, இருந்தால் பலமாக ஊதிய உடனே சத்தம் சற்று அமுங்கி மூச்சு வாங்கி எழும்பும். கிட்டார்காரர் அதைச் சோம்பல் என்பார், நமக்கு அது கூட ஊதுகிற ஆள் மாதிரி. கடைசியாக மேல் துளைகள், எட்டு ஒன்பது பத்து. காதைக் குத்தினால் ட்ரெபிள் குமிழை நம்பாமல் ஸ்பீக்கரை யோசியுங்கள், அல்நிகோ என்ற காந்தம் வைத்த பழைய, களைத்த ஸ்பீக்கர் அந்தக் குத்தலைத் தானாகவே விழுங்கிவிடும். பத்து நிமிடத்தில் முடிவு எடுக்க வேண்டாம். அரை மணித்தியாலம் ஊதுங்கள், சூடேறிய பிறகு சத்தம் இறங்குகிறதா, வெடிக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரின் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்ப்பார்கள், அது பரவாயில்லை.

கூவல் கொஞ்சம் சீக்கிரமாக வருகிறது, மற்றதெல்லாம் நல்லது என்றால் கைவிட வேண்டாம், ஒரு வழி இருக்கிறது. முதல் வால்வ் 12ஏஎக்ஸ்7, அதாவது ஈசிசி83 என்றால், அதன் பெருக்கும் அளவு 100. அதே சொக்கட்டில் 12ஏடி7 போட்டால் 60, 12ஏவை7 போட்டால் ஏறத்தாழ 44, 12ஏயூ7 போட்டால் 20-க்குள். நான் சொன்ன அந்த பாஸ்மேனில் கம்பனியே முதல் இடத்தில் 12ஏவை7-தான் போட்டது. ஒரு வால்வை உருவி இன்னொன்றைச் செருகுகிற வேலை. நானும் தெஹிவளை அம்பை விற்ற பிறகுதான் இதை அறிந்தேன், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது.

மைக்கையும் சந்தேகப்படுங்கள். பழைய அஸ்டாடிக் ஜேடி-30 மாதிரி கிரிஸ்டல் மைக்குகளின் உள்ளே இருப்பது ரோஷெல் உப்பு, ஈரத்துக்கும் சூட்டுக்கும் அது சாகும், கொழும்பில் இரண்டுமே தாராளம். இணையத்தில் ஆயிரம் பேர் புகழ்ந்தாலும் இங்கே அதை நம்பிக் காசு போட மாட்டேன். 1949-ல் வந்த ஷூர் கிரீன் புல்லட் வகையில் கிரிஸ்டல் இல்லாத, காந்தத்தில் இயங்கும் எலிமென்ட் தாங்கும். கிரிஸ்டல்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் மைக் குத்தும் அம்பின் உள்வாயின் தடை 5 மெகா ஓம்ஸ் அளவில் இருக்க வேண்டும், சாதாரண 1 மெகா ஓம்ஸில் அடிச்சத்தம் மெலிந்து போகும். சாதாரணப் பாடுகிற மைக் என்றால் நடுவில் ஒரு மேட்சிங் டிரான்ஸ்போமர் வேண்டும், இல்லாவிட்டால் அம்ப் தூங்குகிற மாதிரி இருக்கும், பாவம் அதன் குற்றம் இல்லை.

விலை கதைக்கும்போது பெயரையும் வருடத்தையும் வைத்துக் கதைக்காதீர்கள், மாற்ற வேண்டியதை வைத்துக் கதையுங்கள். கண்டென்சர் எல்லாம், மூன்று வயர் போடுவது, ஒரு சோடி பவர் வால்வ், பாஸின் கூலி, இதை ஒரு துண்டில் எழுதி விற்கிறவர் முன்னாலேயே கூட்டிக் காட்டுங்கள். கொட்டாஞ்சேனைக்காரர் அந்தத் துண்டை வாங்கி வாசித்துவிட்டு, "நீங்க பாஸா?" என்று கேட்டார். இல்லை நானா, மவுத் ஓர்கன் ஊதுகிறேன் என்றேன். ஊதிக் காட்டச் சொன்னார், பழைய பைலா ஒன்றை ஊதினேன், கேட்டதிலிருந்து கால்வாசி குறைத்தார். இது எல்லாரிடமும் நடக்காது. பெட்டியின் தோல் உரிந்திருப்பது, துணி கிழிந்திருப்பது, குமிழ் இரண்டு இல்லாதது, இவையெல்லாம் சத்தத்தைத் தொடாது. அவற்றைக் காட்டி விலையைக் குறையுங்கள், வீட்டுக்கு வந்து மறந்துவிடுங்கள். டிரான்ஸ்போமர் மாற்றிய அம்ப் என்றால் சேகரிக்கிறவர்களுக்கு மதிப்புப் போய்விடும், நமக்கு அதே அம்ப் மலிவாகக் கிடைக்கும்.

கொண்டுபோகும்போது ஆறவிட்டு, வால்வுகளைக் கழற்றி, எது எந்தச் சொக்கட் என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி, ஒவ்வொன்றையும் பத்திரிகைத் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அம்பை ஓட்டோவின் பின்சீட்டில் ஸ்பீக்கர் மேலே பார்க்காமல் நிமிர்த்தி வையுங்கள், காலி வீதியின் குழிகளை ஓட்டோக்காரர் பார்த்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்குப் போகுமுன் நேரே பாஸிடம் இறக்குங்கள். எர்த் வயரும் கண்டென்சரும் முடியுமுன் அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஊதாமல் இருக்க உங்களால் முடியாது, எனக்குத் தெரியும்.